எனக்குச் சத்துரு இல்லை, அத்தை இருக்கிறார்

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்த காலத்திலிருந்து இன்றுவரை அது என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. சத்துரு என்று சொல்லிக்கொள்ளும்படி எனக்கு யாரும் கிடையாது. என்னை யாரும் சபிப்பதில்லை, துன்பப்படுத்துவதில்லை. பாளையங்கோட்டையில் வீடு, வேலை, கோயில் என்று இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சத்துருக்களைச் சம்பாதிக்க நேரமும் கிடையாது. எனக்கு இருப்பது அத்தை.

அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தார். முன்னறை என்பதால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். யார் வந்தாலும் அவருக்கு முதலில் சொல்ல ஏதாவது இருக்கும். காலையில் குடித்த காப்பி தண்ணீராக இருந்தது, ராத்திரி தோசை கல் மாதிரி இருந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைக் கவனிக்க எங்கே நேரம். சபை ஐயர் வீடு சந்திக்க வந்தபோதும் இதேதான். ஐயர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் தலைப்பு தெரிந்தது.

குடும்ப ஜெபத்தில் நான் ஜெபித்தால், ஆமென் சொல்வதற்கு முன்னால் திருத்தம் வரும். "ஏட்டி, நீ ஆரம்பிச்ச வாக்கியம் ஒண்ணையாவது முடிச்சியா? ஆண்டவருக்கு என்ன விளங்கும்?" அவர் சொல்வது சரிதான் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால் கோபம் தானாகப் போய்விடும். எனக்கு அத்தை பட்ட பாடு முழுக்கத் தெரியும். நின்றுபோன கல்யாணம் தெரியும், தம்பிமார் படிப்புக்குப் போன சம்பளம் தெரியும், தலைமையாசிரியை பதவி கைக்கு வந்து நழுவிய கதை அடிக்கடி கேட்டு எனக்கே மனப்பாடம். இரக்கம் வருகிறது. அப்புறம் "அந்தப் பொடிமீனை இப்படியா வைப்பா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. இரக்கம் இருந்த இடத்திலேயே எரிச்சலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து குடியிருக்கப் பழகிவிட்டன. காரணம் தெரிந்தால் பொறுக்க முடியலாம். பிடித்துப்போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பிரசங்கங்களில் இதற்குப் பெரிய உதாரணங்கள் வரும். எங்கள் பக்கத்தில் அதிகம் சொல்லப்படுவது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், திமோத்தி என்ற இரண்டு சிறு மகன்களையும் 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி 23 பிறந்த நேரத்தில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டியோடு வைத்து எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். மகள் எஸ்தரோடு அங்கேயே தங்கி, 2004 வரை அந்தத் தொழுநோய் இல்லத்தின் வேலையைத் தொடர்ந்தார். 2005ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதைக் கேட்கும்போது கோயிலில் கண் கலங்காதவர்கள் குறைவு. நானும் கலங்கியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கண்ணீரில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவ்வளவு பெரிய மன்னிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அத்தையின் காப்பி விவகாரம் ஆண்டவர் கவனிக்கத் தேவையில்லாத சில்லறைச் சமாச்சாரம் போலத் தோன்றிவிடுகிறது. பெரிய சிலுவை யாருக்கோ கொடுக்கப்பட்டது, நமக்கு ஒன்றும் இல்லை என்று தப்பித்துக்கொள்கிறோம். நல்ல சமாரியன் கதையிலும் இதே வசதி இருக்கிறது. அந்த மனுஷன் நல்லவன்தான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், ராத்திரி கூட இருந்தான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பயணத்தைப் பார்த்துப் போனான். காயம் ஆறிய பிறகு அந்த ஆள் தினமும் கஞ்சியைக் குறை சொல்வதைக் கேட்கிற பாக்கியம் சத்திரக்காரனுக்குத்தான் கிடைத்திருக்கும்.

சத்திரக்காரர்களுக்கு உதவுகிற ஆள் யார் என்று தேடினால், நான் கண்டது ஒரு ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க, புனிதையை. புராட்டஸ்டண்டுகளான எங்களுக்குப் புனிதர்களோடு அவ்வளவு பழக்கம் கிடையாது. என் கணவரின் தாய்வழி ஆர்.சி. குடும்பம் என்பதால் அந்தப் படம் அவர்கள் வீட்டில் இருந்தது: கையில் சிலுவையும் ரோஜாப் பூக்களுமாக ஓர் இளம் கன்னியாஸ்திரி. சிறுமலர், குழந்தை தெரேசம்மாள் என்பார்கள். ரோஜாவைப் பார்த்துவிட்டு, ஏதோ இனிப்பான பக்திக் கதை என்று ஒதுக்கியிருந்தேன். அவர் எழுதிவைத்ததைப் பிறகு வாசித்தபோதுதான் ஆள் வேறு மாதிரி என்று தெரிந்தது.

1873ல் பிரான்சில் பிறந்தவர். 15 வயதில் லிசியே ஊரிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 24 வயதில், 1897ல், காசநோயில் இறந்துபோனார். வெளியே போகாத மடம். இருபத்து சொச்சம் பெண்கள் அதே முகங்களை அதே சுவர்களுக்குள் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் இவருடைய சொந்த அக்காமார் மூன்று பேர் வேறு. கூட்டுக்குடும்பம் தெரிந்த யாருக்கும் அந்த மடத்தை விளக்கத் தேவையில்லை.

அந்த மடத்தில் ஒரு சகோதரியை இவருக்கு எதிலுமே பிடிக்கவில்லை. நடை பிடிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை, குணம் பிடிக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறார். பிறகு ஒரு முடிவுக்கு வருகிறார்: தனக்கு மிகவும் பிரியமான ஒருவருக்கு என்ன செய்வாரோ அதையெல்லாம் இந்தச் சகோதரிக்குச் செய்வது. எதிரே வரும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார். சின்னச் சின்ன உதவிகள் செய்தார். வெடுக்கென்று பதில் சொல்ல வாய் வந்தால் புன்னகையோடு பேச்சை மாற்றினார். அதுவும் முடியாதபோது ஓடிப்போய்விடுவாராம், போர்க்களத்திலிருந்து ஓடுகிற சிப்பாய் மாதிரி. இதை வாசித்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. ஒரு புனிதை எழுந்து ஓடலாம் என்றால், நான் துவைத்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவதில் குற்றமில்லை.

கடைசியில் அந்தச் சகோதரியே ஒருநாள் சந்தோஷமாகக் கேட்டாராம்: என்னிடம் உன்னை அப்படி இழுப்பது எது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாயே? உங்களைப் பார்ப்பதில் எனக்குச் சந்தோஷம், அதனால்தான் என்று தெரேசம்மாள் சொன்னார். அந்தச் சந்தோஷம் ஆவிக்குரிய கணக்கில் என்பதை மட்டும் சொல்லவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். குறும்புக்காரி.

இன்னொரு சகோதரி மாலைத் தியானத்தில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஏதோ நொறநொறவென்று சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். திரும்பி முறைக்க வேண்டும்போல் இருக்கும், அடக்கி அடக்கி வியர்த்துக் கொட்டும் என்கிறார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நிற்பவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டே இருப்பார். இதெல்லாம் ஒரு புனிதையின் வாழ்க்கை வரலாற்றில் வருகிற சம்பவங்கள். சிங்கக் கெபி இல்லை, அக்கினிச் சூளை இல்லை.

எனக்கு அதில் மிகவும் நெருக்கமானவர் செயின்ட் பியேர் என்ற முதிய சகோதரி. தானாக நடக்க முடியாதவர். தினமும் மாலை ஜெபம் முடியுமுன் அவரைச் சாப்பாட்டு அறைக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். தெரேசம்மாள் தானே முன்வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் எட்டு வைத்தால், வேகமாகப் போகிறாய், விழப்போகிறேன் என்பார். மெதுவாகப் போனால், உன் கையையே காணோம், விட்டுவிட்டாய், உன்னைப் போன்ற சின்னப்பெண்ணால் முடியாது என்று அப்போதே சொன்னேன் என்பார். உட்கார வைத்த பிறகு, சட்டைக் கையை அவர் சொல்கிற விதமாகவே மடித்துவிட வேண்டும். கொஞ்ச நாளில் தெரேசம்மாள் ஒன்றைக் கவனித்தார்: அந்தப் பாட்டிக்கு ரொட்டியை வெட்டச் சிரமமாக இருக்கிறது. கேட்காமலேயே அதையும் வெட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு வெளியே வந்தார். பாட்டியின் மனம் அதில்தான் குளிர்ந்ததாம்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று வரும், எங்கள் பெண்கள் சங்கத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது வந்தது. பிடிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பது மாய்மாலம் இல்லையா? "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்று ரோமருக்கு எழுதியிருக்கிறதே? வேதத்தில் மாயக்காரருக்குக் கிடைக்கிற வசவு வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. நாங்களும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பதற்குப் பயப்படும்படி வளர்க்கப்பட்டவர்கள்.

நான் யோசித்துப் பார்த்தது இதுதான். மாயக்காரன் தனக்கு ஆதாயம் தேடிச் சிரிக்கிறான். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும், காரியம் நடக்க வேண்டும். ரொட்டியை வெட்டிக்கொடுத்தவருக்கு அந்த ஆதாயம் இல்லை. அன்பு என்றால் முதலில் நெஞ்சில் ஊற வேண்டும், பிறகுதான் கைக்கு வர வேண்டும் என்று நாம் வைத்திருக்கிற வரிசை வேதத்தில் எல்லா இடத்திலும் கிடையாது. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்துகிடக்கக் கண்டால், "அவசியமாய் அவனுடனேகூட அதற்கு உதவிசெய்வாயாக" என்கிறது. அவன்மேல் பிரியம் வை என்று அங்கே கேட்கவில்லை. கழுதையைத் தூக்கு, அதுவும் அவனோடு சேர்ந்து தூக்கு. அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். தூக்கும்போது அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாயா இல்லையா என்பதைச் சட்டம் விசாரிக்கவே இல்லை. அந்த ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் ஒரே பாரத்தின் கீழே நிற்கிறார்கள். மோசேயின் சட்டத்தை வறண்டது என்று பேசுகிற பிரசங்கிகளுக்கு இந்த வசனத்தை ஒருமுறை வாசித்துக்காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கழுதை மீன். அத்தைக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதால் முள் தெரியாது. ஆனால் மீன் இல்லாமல் சோறு இறங்காது. ராத்திரி நானே உட்கார்ந்து முள் எடுத்துத் தட்டில் வைப்பேன். பேச்செல்லாம் அந்த மீன் சரியில்லை என்பதைப் பற்றித்தான் இருக்கும். சாளை வாங்கினால் விளமீன் வாங்கியிருக்கலாம், விளமீன் வாங்கினால் துட்டை இப்படியா கரியாக்குவது. கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மனதில் பிரியம் பொங்கியதா என்றால், இல்லை. முள் இல்லாத மீன் அவருக்குக் கிடைத்ததா என்றால், கிடைத்தது.

சபைக்குள்ளும் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு, நாம்தான் அதைக் கெடுத்துவைத்திருக்கிறோம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி உருவானது. 1950ல் அதற்கென்று ஒரு நற்கருணை ஆராதனை முறை வந்தபோது, ஆதித் திருச்சபையின் சமாதான வாழ்த்தை மறுபடி கொண்டுவந்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் விடாமல் வைத்திருந்த வழக்கம் அதற்கு முன்மாதிரி. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, அதன்மேல் இடது கையை மூட வேண்டும். பீடத்திலிருந்து தொடங்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கடைசி வரிசை வரைக்கும் போக வேண்டும். யார் கை என்று தேர்ந்தெடுக்க முடியாது, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான்.

அதனால் நாம் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். திருமண்டலத் தேர்தல், அதாவது சபை நிர்வாகத்துக்கான தேர்தல், முடிந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலைப் பார்த்தால் தெரியும். எந்த அணி எந்தப் பக்கம் என்பது பெஞ்சிலேயே எழுதியிருக்கும். அண்ணன் தம்பி இரண்டு வாசல் வழியாக வருவார்கள். பிலிப்பி சபையிலும் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் ஏதோ தகராறு. என்ன தகராறு என்று பவுல் எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு தடவை பெயர் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டு, இருவரும் தன்னோடு பிரயாசப்பட்டவர்கள், அவர்களுக்கு உதவியாயிரு என்று இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். அந்த நிருபம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அந்த இரண்டு பேரும் எந்தெந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால், எழுதியதெல்லாம் யாருக்காவது சுருக்குக் கயிறாகிவிடும். அடிக்கிறவன் வேறு, கஷ்டமான ஆள் வேறு. என் உறவில் ஒரு பெண் புருஷனிடம் அடிவாங்கி வீட்டுக்கு வந்தபோது, ஜெபிக்க வந்த பெரியவர்கள் எல்லாம் ஒரே குரலில் மன்னித்துத் திரும்பிப் போ என்றார்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தை எடுத்தார்கள். அவனிடம் போய் ஒரு வசனம் சொன்னவர் யாரும் இல்லை. அவள் போனாள், மறுபடியும் அடிபட்டு வந்தாள். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில், புருஷனுக்கு மனைவியின் சோரம், அதாவது கள்ள உறவு, ஒன்றே போதுமான காரணம். மனைவிக்கோ புருஷனின் கொடுமை மட்டும் போதாது, அதோடு சோரத்தையும் நிரூபிக்க வேண்டும். 2001ல்தான் அதைத் திருத்தினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, சகித்துக்கொள் என்பதைப் பிரசங்க பீடமும் நீதிமன்றமும் சேர்ந்தே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தப் பெரியவர்கள் தாவீதை மறந்துவிட்டார்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தூங்கும்போது தலைமாட்டில் இருந்த ஈட்டியை எடுத்துவந்த தாவீது, அவன்மேல் கைபோடவில்லை. சத்துருவுக்கு நன்மை செய்தான், சரி. விழித்துக்கொண்ட சவுல், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா, இனி உனக்குப் பொல்லாப்பு செய்யமாட்டேன் என்கிறான். உருக்கமாக மன்னிப்புக் கேட்டதுதான். தாவீது என்ன செய்தான்? ஈட்டியை வாங்கிக்கொண்டு போக ஓர் ஆளை அனுப்பச் சொன்னான். தன் வழியே போய்விட்டான். நடுவில் விட்டிருந்த தூரத்தை அவன் குறைக்கவே இல்லை. கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கதையிலும் பிரசங்கங்களில் விட்டுப்போகிற பகுதி இதுதான். அவர் மன்னித்தார், வழக்கும் நடந்தது. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று பவுல் சமாதானத்துக்கே இரண்டு வரம்பு கட்டிவைத்திருக்கிறார். நம்மவர்கள் வசனத்தின் பிற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்.

கஷ்டமான ஆளிடமும் ஒரு கோடு தேவைப்படும். அத்தை என் மகளின் நிறத்தைப் பற்றியும் மார்க்கைப் பற்றியும் அவள் முகத்துக்கு நேராகப் பேச ஆரம்பித்தபோது, மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்கிறபடி தனியே உட்கார்ந்து சொன்னேன். "அத்தை, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளையை இனிமே சொல்லாதீங்க." கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை. வந்தவர்களிடம் எல்லாம், வாயைத் திறக்கக்கூட இந்த வீட்டில் உரிமையில்லை என்றார். ஆனால் அவள் முன்னால் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது அவள்தான் ஆச்சிக்குச் செய்தித்தாள் வாசித்துக்காட்டுகிறாள், உச்சரிப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டே.

ஜெபத்தில் ஒரு மாற்றம் செய்தேன். முன்பெல்லாம் ஆண்டவரே, அத்தையின் குணத்தை மாற்றும் என்று பாரத்தோடு கேட்பேன். அது அத்தைக்காகச் செய்த ஜெபம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்காகச் செய்தது. இப்போது அத்தைக்கே என்ன வேண்டுமோ அதைக் கேட்கிறேன்: முழங்கால் வலி குறைய வேண்டும், பென்ஷன் நேர்காணலுக்குக் கருவூலம் போகிற அன்று வெயில் தாழ்ந்திருக்க வேண்டும், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும். தெரேசம்மாள் பாட்டியைக் கவனித்தது போல் இவரைக் கொஞ்சம் கவனித்தால்தான் என்ன கேட்பது என்றே தெரியும் என்பது இதில் கூடுதல் வேலை.

வலது கண் ஆபரேஷன் போன மாதம் முடிந்தது. ஜெபம் கேட்கப்பட்டது, சாட்சியாகவே சொல்கிறேன். அத்தைக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. சாளையில் நான் விட்டுவிட்ட முள் தெரிகிறது, ஃபேன் இறக்கையிலும் பூஜாடிக்குப் பின்னாலும் இருக்கிற தூசி தெரிகிறது, ஆராதனைக்குப் போகும்போது என் சேலை முந்தானையில் இருக்கிற இஸ்திரிக் கறை வாசற்படியிலிருந்தே தெரிகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.